அரியாங்குப்பத்தில் ஏன் ஓர் அல் கபோன் இல்லை?

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? முருங்கப்பாக்கம் தாண்டி ஓர் ஆற்றுப் பாலம் வரும். ஏறி இறங்கினால் அரியாங்குப்பம். இடதுபக்கம் திரும்பி ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் போனால் அரிக்கமேடு. இன்றைக்கு அங்கே பெரிதாகப் பார்க்க ஒன்றும் கிடையாது. மரங்கள், சில செங்கல் சுவர்கள், ஆடு மேய்க்கிற பையன்கள். அவ்வளவுதான்.

ஆனால், 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்கிற தொல்லியல் நிபுணர் அந்த இடத்தைத் தோண்டியபோது என்ன கிடைத்தது தெரியுமா? இரண்டு கைப்பிடி வைத்த நீள நீளமான ஜாடிகளின் உடைசல்கள். பெரும்பாலும் ரோமானிய காலத்தில் ஒயின் நிரப்பிக் கப்பலேற்றிய ஜாடிகள். கூடவே இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ப் பாணியில் செய்த சிவப்புத் தட்டுகள். ஆக, சுமார் 2000 வருஷத்துக்கு முன்பே இத்தாலிக்கும் அரியாங்குப்பத்துக்கும் சரக்குப் போக்குவரத்து இருந்திருக்கிறது!

சரி, அது பழங்கதை. இந்த வாரம் நாம் சந்திக்கப் போகிற ஆசாமிகளும் இத்தாலிக்காரர்கள்தான். சரக்கு விஷயமும் அதேதான். ஆனால் இவர்கள் ஜாடியில் கொண்டு வரவில்லை. படகில், லாரியில், துப்பாக்கிக் காவலோடு கொண்டு வந்தார்கள். அமெரிக்காவின் மாஃபியா குடும்பங்கள்.

அவர்கள் கதையைச் சொல்லிவிட்டு, ஒரு கேள்வியோடு மறுபடி இதே பாலத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் அரியாங்குப்பத்தைச் சுற்றி நாலா பக்கமும் மதுவிலக்கு. நடுவில் இங்கே மட்டும் குடிக்கத் தடையில்லை. அமெரிக்காவில் இப்படி இருந்தபோது அங்கே அல் கபோன் முளைத்தான். இங்கே ஏன் ஒருத்தனும் முளைக்கவில்லை?

*

1880-லிருந்து 1920 வரையிலான நாற்பது வருஷத்தில் சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலும் தெற்கு இத்தாலி, சிசிலிப் பக்கத்து ஏழைகள். நிலம் கிடையாது. படிப்பு கிடையாது. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினால், 'பத்ரோனே' என்று ஓர் ஆள் நிற்பார். அவர் பேசுகிற பாஷை இவர்களுக்குப் புரியும். வேலை வாங்கிக் கொடுப்பார், தங்க இடம் காட்டுவார், சம்பளத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார். நம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அதே ஆள்தான், கோட்டு மட்டும் வேறு.

அந்த மக்களுக்குப் பணக் கஷ்டத்தைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. தப்பு நடந்தால் யாரிடம் போவது? போலீஸுக்கு அவர்கள் பாஷை தெரியாது. கோர்ட்டுக்கு அவர்கள் முகமே பிடிக்காது. 1891-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் போலீஸ் தலைவர் கொலை வழக்கில் சில இத்தாலியர்களைப் பிடித்தார்கள். ஜூரி யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஊர்க் கூட்டம் என்ன செய்தது? சிறைக்குள் புகுந்து 11 பேரைக் கொன்றது. தண்டனை? யாருக்கும் இல்லை.

இதைப் பார்த்த ஓர் இத்தாலியக் காய்கறிக் கடைக்காரர் நாளைக்கு அவர் கடையில் திருட்டு போனால் போலீஸுக்குப் போவாரா? மாட்டார். தெருமுனையில் உட்கார்ந்திருக்கிற தன் ஊர்க்காரப் பெரியவரிடம்தான் போவார்.

இந்த 'பெரியவர்'களில் பலபேர் பக்கா கேடிகள். 'கறுப்புக் கை' என்று ஒரு முறை அப்போது பிரபலம். இத்தனை டாலர் கொடு, இல்லாவிட்டால் கடைக்கு குண்டு, பிள்ளைக்குக் கடத்தல் என்று மொட்டைக் கடிதாசி வரும். கீழே கறுப்பு மையில் ஒரு கை படம். கடிதாசி எழுதுகிறவனும் இத்தாலியன், வாங்கி நடுங்குகிறவனும் இத்தாலியன். வெளியாளுக்கு இதில் என்ன கவலை?

கவலைப்பட்ட ஒரே மனிதர் ஜோசப் பெட்ரோசினோ. அவரும் இத்தாலியிலிருந்து வந்தவர்தான். நியூயார்க் போலீஸில் சேர்ந்து, இத்தாலியர் வழக்குகளுக்கென்றே ஒரு தனிப்படை நடத்தினார். இந்த கேடிகளின் பழைய ஜாதகத்தைத் தோண்ட சிசிலிக்கே போனார். 1909 மார்ச் 12-ம் தேதி இரவு, பலெர்மோ நகரத்தில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நியூயார்க்கில் நடந்த அவரது இறுதி ஊர்வலத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம். அத்தனை பேர் அழுதார்கள். ஆனால் கொன்றது யார் என்று சாட்சி சொல்ல ஒருத்தர் வரவில்லை.

இதுவரைக்கும் இந்தக் கும்பல்கள் தெருப் பொறுக்கித்தனத்தைத் தாண்டிப் பெரிதாக வளரவில்லை. மோரெல்லோ கும்பல் மாதிரி ஒன்றிரண்டு உண்டு. கள்ள நோட்டு அடித்து மாட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போனார்கள். அப்படியே மெள்ள மெள்ள அழிந்திருக்கலாம்.

அழியவில்லை. ஏனென்றால், அரசாங்கமே அவர்களுக்கு ஒரு லாட்டரிச் சீட்டு கொடுத்தது.

*

1920 ஜனவரி 17. அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு அமலுக்கு வந்த நாள். தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, ஏற்றி இறக்கக் கூடாது. கொண்டு வந்தவர்கள் நல்லவர்கள்தான். குடியால் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்து வயிறெரிந்த பெண்கள், பாதிரியார்கள். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது.

ஆனால் தாகம் சட்டத்தைப் படிப்பதில்லையே! நேற்று வரை குடித்தவர்கள் இன்றைக்கும் கேட்டார்கள். விலை எகிறியது. விற்க ஆள் வேண்டும். ஏற்கெனவே போலீஸுக்குப் பயப்படாத, வாய் திறக்காத, ஒருவருக்கொருவர் சொந்தபந்தமான ஆட்கள் தயாராக இருந்தார்கள். சிகாகோவில் அல் கபோன். நியூயார்க்கில் ஜோ மஸ்ஸேரியா, சால்வடோர் மரன்ஸானோ, அவர்களுக்குக் கீழே லக்கி லூசியானோ என்கிற இளைஞன்.

சரக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் நமக்கு சுவாரஸ்யமான இடம். கனடாவின் கிழக்குக் கடலோரத்தில், நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் சென் பியேர் என்று ஒரு குட்டித் தீவு. ஜனத்தொகை சில ஆயிரம். எல்லோரும் மீனவர்கள். பனி, காற்று, மீன் நாற்றம், இவை தவிர ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு விசேஷம், அது பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொந்தம். ஆகவே அமெரிக்கச் சட்டம் செல்லாது!

கப்பல் கப்பலாக விஸ்கி, ஷாம்பெயின், ரம் எல்லாம் அந்தத் தீவில் வந்து இறங்கின. மீனவர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் பெட்டி தூக்கப் போனார்கள். காலிப் பெட்டிகள் குவிந்து, அந்தப் பலகையை வைத்தே வீடு கட்டினார்கள். கட்டி சார்க் விஸ்கிப் பெட்டியில் கட்டிய ஒரு வீட்டுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எல்லாம் பகிரங்கமாக, பில் போட்டு, வரி கட்டி நடந்த வியாபாரம். தீவிலிருந்து கிளம்பி, அமெரிக்கக் கரையை நெருங்கும்போதுதான் அது கடத்தல்.

பிரெஞ்சுக் கொடி. சுற்றிலும் மதுவிலக்கு. நடுவில் குட்டி ஊர். கேட்ட மாதிரி இருக்கிறதா?

*

இப்போது நம்மூருக்கு வருவோம். 1937 அக்டோபர் 1-ம் தேதி, ராஜாஜி முதல்முதலாக சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டு வந்தார். நடுவில் யுத்த காலத்தில் அது நின்றுபோய், மறுபடி ஆரம்பித்து, 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுக்கவே 'வறண்ட' பூமி. புதுச்சேரியோ 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில். அதற்குப் பிறகும் தமிழ்நாட்டு மதுவிலக்கு அங்கே செல்லவில்லை.

புதுச்சேரி வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். கிழித்துப் போட்ட காகிதம் மாதிரி துண்டு துண்டாக இருக்கும். வில்லியனூர், பாகூர் பக்கமெல்லாம் வரப்புக்கு இந்தப் பக்கம் பிரான்ஸ், அந்தப் பக்கம் இந்தியா. 1949-ல் இந்தியாவுக்கும் பிரெஞ்சுப் பகுதிகளுக்கும் இருந்த சுங்க ஒப்பந்தம் முடிவுக்கு வந்ததும், சரக்கோடு தங்கம், வைரம் எல்லாம் இந்த வரப்புகளைத் தாண்ட ஆரம்பித்தன. சுற்றிலும் சுங்கச் சாவடிகள் முளைத்தன. ஆனால் வயல் வரப்பில் எத்தனை சாவடி போட முடியும்?

ஆக, சென் பியேருக்கு இருந்த அத்தனை வசதியும் அரியாங்குப்பத்துக்கு இருந்தது. அப்படியானால் ஏன் இங்கே ஒரு மெஷின் கன் சத்தம்கூடக் கேட்கவில்லை?

'நம் ஜனங்கள் சாது, இத்தாலிக்காரன் ரத்தம் சூடு' என்று சொல்லத் தோன்றும். தப்பு. சென் பியேரிலும் மெஷின் கன் சத்தம் கேட்கவில்லை! அங்கே தாதா கிடையாது. வியாபாரிகள்தான் இருந்தார்கள்.

காரணம் ரொம்ப எளிமையானது. அரியாங்குப்பத்தில் சாராயக்கடை ஏலம் எடுத்தவர் கையில் லைசென்ஸ் இருந்தது. ஒருத்தன் பாக்கி வைத்தால் நோட்டீஸ் அனுப்பலாம். கடையை உடைத்தால் போலீஸைக் கூப்பிடலாம். பங்காளி ஏமாற்றினால் கோர்ட்டுக்குப் போகலாம். வரப்புக்கு அந்தப் பக்கம் சரக்கு வாங்கினவனுக்கு இது எதுவும் முடியாது. அவன் சரக்கை ஒருத்தன் அடித்துக்கொண்டு போனால் எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுப்பான்? 'ஐயா, என் கள்ளச் சாராயத்தைக் காணோம்' என்றா?

அவனுக்கு வேறு மாதிரி ஒரு கோர்ட் வேண்டும். பேச்சை எழுதி வைக்காத, ஆனால் மீறினால் கழுத்தைத் திருகுகிற கோர்ட். தாதா என்பவர் அந்தக் கள்ளக் கோர்ட்டின் ஜட்ஜ். அரசாங்கக் கோர்ட் எங்கே கதவை மூடுகிறதோ, அதற்குப் பின்வாசலில்தான் இந்தக் கோர்ட் கூடும்.

லூசியானோவின் கதையை இந்தக் கண்ணோடு பாருங்கள். 1930-31-ல் மஸ்ஸேரியா கோஷ்டிக்கும் மரன்ஸானோ கோஷ்டிக்கும் தெருத்தெருவாகச் சண்டை. 1931 ஏப்ரலில் கோனி ஐலண்டில் ஒரு ஓட்டலில் வைத்து மஸ்ஸேரியாவை முடித்தார்கள். ஜெயித்த மரன்ஸானோ நியூயார்க் கும்பல்களை ஐந்து குடும்பமாகப் பிரித்து, 'எல்லோருக்கும் மேலே நான்தான் ராஜா' என்றார். செப்டம்பரில் அவரையும், அவர் ஆபீஸுக்குள்ளேயே, அரசாங்க அதிகாரி வேஷத்தில் வந்தவர்கள் தீர்த்துக்கட்டினார்கள். இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் லூசியானோ.

அவர் புத்திசாலித்தனம் கொலையில் இல்லை. அடுத்து என்ன செய்தார் என்பதில் இருக்கிறது. ராஜா பட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு 'கமிஷன்' அமைத்தார். குடும்பத் தலைவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். எந்த ஏரியா யாருக்கு, யாரைக் கொல்லலாம், யாரைக் கொல்லக் கூடாது என்று முடிவெடுப்பார்கள். கள்ளக் கோர்ட்டுக்கு ஒரு சுப்ரீம் கோர்ட்!

*

இதே கதை தமிழர்களுக்கும் நடந்திருக்கிறது. ஆனால் புதுச்சேரியில் இல்லை, பம்பாயில்.

ராமநாதபுரம் பனைக்குளத்தில் பிறந்த மஸ்தான், சின்னப் பையனாக அப்பாவோடு பம்பாய் போனார். சைக்கிள் ரிப்பேர்க் கடை, அப்புறம் துறைமுகத்தில் கூலி. தூத்துக்குடியில் 1926-ல் பிறந்த வரதராஜன், பம்பாய் வி.டி. ஸ்டேஷனில் போர்ட்டர். மூட்டை தூக்கின இரண்டு பேரும் எப்படி மகுடம் சூட்டிக்கொண்டார்கள்?

தங்க இறக்குமதிக்குத் தடை இருந்தது, மஸ்தான் தங்கம் கடத்தினார். அவருடைய கூட்டாளி சுகர் நாராயண் பாக்கியா எந்த ஊர்க்காரர் தெரியுமா? டாமன். 1961 டிசம்பர் வரை போர்ச்சுகீசியர் கையில் இருந்த குட்டித் துறைமுகம். மறுபடியும் ஒரு சென் பியேர்! பம்பாயில் 1949-ல் மதுவிலக்குச் சட்டம் வந்தது, வரதராஜன் சாராயம் காய்ச்ச வைத்தார். தாராவி, சயான் கோலிவாடா பக்கத்துச் சதுப்பு நிலத்தில் அடுப்பெரிந்தது.

அங்கே குடிசை போட்ட தமிழனின் நிலைமை என்ன? நியூயார்க் இத்தாலியன் நிலைமைதான். மராத்தி வராது, இந்தி வராது. ரேஷன் கார்டு இல்லை, பட்டா இல்லை. 1960-களில் 'மதராஸிகளே, வெளியே போங்கள்' என்று அடி வேறு. அவனுக்கு போலீஸ் ஸ்டேஷன் திறந்த வாசலா? மாட்டுங்காவில் 'வரதாபாய்' தர்பார் நடத்தினார். குடும்பச் சண்டை, வீட்டுத் தகராறு, கடன் பஞ்சாயத்து எல்லாம் அங்கே போயின. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் அவர் போட்ட பிள்ளையார் பந்தல் ஊரையே கூட்டியது. மஸ்தான், வரதராஜன், பட்டாணியரான கரீம் லாலா மூன்று பேரும் பெரிய அளவில் மோதிக்கொள்ளாமல் ஊரைப் பிரித்துக்கொண்டார்கள். லூசியானோ பார்த்திருந்தால் கை குலுக்கியிருப்பார்.

முடிவுகளும் ஒரே மாதிரி. மதுவிலக்கு 1933 டிசம்பரில் ரத்தானபோது குடும்பங்கள் காணாமல் போய்விடவில்லை. சூதாட்டம், துறைமுக யூனியன், கட்டட கான்ட்ராக்ட் என்று தாவினார்கள். லூசியானோ 1936-ல் விபசார வழக்கில் 30 முதல் 50 வருஷம் தண்டனை வாங்கி, 1946-ல் நாடு கடத்தப்பட்டு, 1962-ல் நேப்பிள்ஸில் செத்துப்போனார். குடும்பங்கள் அப்படியே இருந்தன. கமிஷன் தலைகளை அரசாங்கம் உருப்படியாக மடக்கி நூறு வருஷ தண்டனை வாங்கிக் கொடுத்தது 1987 ஜனவரியில்தான். பம்பாயில் 1980-களில் ஒய்.சி. பவார் என்கிற போலீஸ் அதிகாரி நெருக்க, வரதராஜன் சென்னைக்கு ஒதுங்கினார். 1988 ஜனவரியில் இறந்தார். 1990-களில் தங்க இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது, பழைய தங்கக் கடத்தல் தொழிலின் மவுசு குறைந்தது. ஆனால் தாதாக்கள் பில்டர்களையும் சினிமாக்காரர்களையும் மிரட்டப் போய்விட்டார்கள். கள்ளக் கோர்ட் ஒருமுறை கட்டிவிட்டால் லேசில் இடியாது. சரக்கு மாறும், பெஞ்ச் மாறாது.

*

வரதராஜன் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்புதான், 1987 தீபாவளிக்கு 'நாயகன்' வந்தது. நீங்களும் நானும் விசிலடித்தோம். அமெரிக்கர்கள் 1972-ல் 'காட்ஃபாதர்' பார்த்து அடித்த அதே விசில். தப்பில்லை, நல்ல படங்கள். ஆனால் இரண்டு படத்திலும் முக்கியமான ஒரு ஆளுக்கு இடமில்லை. சரக்கைக் குடித்தவன்.

1920-களில் தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடித்துவிடக் கூடாது என்று அமெரிக்க அரசாங்கமே அதில் மெத்தனால் கலக்கச் சொன்னது. கும்பல்கள் அதையே திருடி, அரைகுறையாகச் சுத்தம் செய்து விற்றன. 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க்கில் ஒரு சில நாளில் முப்பது பேர் அளவுக்குச் செத்தார்கள். கண் போனவர்கள் தனி.

நூறு வருஷம் ஓடிவிட்டது. 2023 மே மாதம், புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் எக்கியார்குப்பத்தில் 14 பேர் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபது பேருக்கு மேல். அதே மெத்தனால்.

'தமிழ்நாட்டில் மதுவிலக்குதான் இல்லையே, தெருத்தெருவுக்கு டாஸ்மாக் இருக்கிறதே?' என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. டாஸ்மாக் குவார்ட்டர் விலை ஒரு கூலித் தொழிலாளியின் ஒருநாள் சம்பளத்தில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். பாக்கெட் சாராயம் அதில் பாதிகூட ஆகாது. கதவைச் சட்டம்தான் மூட வேண்டும் என்பதில்லை. விலையும் மூடும். மூடிய கதவுக்குப் பின்வாசலில் ஒருத்தன் வந்து நிற்பான். மாமூல் வாங்கிக்கொண்டு அவனுக்கு விளக்குப் பிடிக்க ஒரு காக்கிச் சட்டையோ கரைவேட்டியோ இருக்கும். சிகாகோவில் இருந்தது, பம்பாயில் இருந்தது.

மதுவிலக்கு நல்லதா கெட்டதா என்கிற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. குடியால் தாலி இழந்த பெண்ணிடம் போய் 'தடை போட்டால் மாஃபியா வரும்' என்று பாடம் நடத்துகிற தைரியமும் எனக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். தடை போடுகிற அரசாங்கம், தடையோடு சேர்த்து ஏழைக்குத் தன் ஸ்டேஷனையும் கோர்ட்டையும் திறந்து வைக்க வேண்டும். ஒன்றை மூடி, இன்னொன்றையும் மூடினால், நடுவில் நாற்காலி போட்டு உட்கார ஆள் தானாக வருவான். அவன் சிசிலியில் பிறந்தாலும் சரி, தூத்துக்குடியில் பிறந்தாலும் சரி.

அடுத்த தடவை கடலூர் பஸ்ஸில் போகும்போது, அரியாங்குப்பம் தாண்டி முள்ளோடை எல்லையில் கொஞ்சம் கவனியுங்கள். சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் யாருடைய பையையாவது திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பாட்டில் வைத்திருந்த ஆள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். மாட்டுகிறவர் எப்போதும் அவர்தான். நியூயார்க்கிலும் முதலில் மாட்டியது அவர்தான்.